காய்ந்த திரி

ஏப்ரல் 2, இரவு

அக்கா,

இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். மணி ஒன்றே கால். பகலில் எழுதலாம் என்றால் பகல் என்று ஒன்று எனக்கு இப்போது கிடையாது. மகள் விழித்தால் பகல், தூங்கினால் இரவு. ஏழு மாதமாக எழுதாமல் இருந்ததற்கான மன்னிப்பையும் இதிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். தனியாகக் கேட்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

ஏன் என்று உங்களுக்குத் தெரியும். பிரசவ விடுப்பில் கிளம்பிய அன்று, நம் வானிலை நிலையத்தின் மாலைப் பலூனை நானே விடுகிறேன் என்று ஆசையாகக் கேட்டேன். அத்தனை பேர் முன்னாலும் நீங்கள், "வயித்துல ஒண்ணு, கையில ஒண்ணு. ரெண்டையும் ஒரே நேரத்துல விட முடியாதும்மா, போய் உக்காரு" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். வாட்ச்மேன்கூடச் சிரித்தார். நான்கு வருஷம் உங்கள் பக்கத்து மேஜையில் உட்கார்ந்தவள், சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறிவிட்டேன். போன் செய்திருக்கலாம்தான். ஆனால் 'நிலையத் தொலைபேசியில் சொந்தக் கதை பேசக் கூடாது' என்று சுவரில் ஒட்டியிருப்பது உங்கள் கையெழுத்து.

இப்போது எழுதுவதற்குக் காரணம் மகளின் இருமல். ஒன்பது நாளாக இருக்கிறது. டாக்டர் பார்த்துவிட்டு, "மூக்கு கொஞ்சம் காய்ஞ்சிருக்கு, பயப்பட ஒண்ணும் இல்ல" என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். நான் அதைத் திறக்கவே இல்லை. காய்ந்திருக்கிறதாம்! என் அறையில் காற்றின் ஈரம் நூறு சதவீதம், அக்கா. கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

என் கல்யாணத்துக்கு எல்லோரும் பாத்திரம் கொடுத்தார்கள். நீங்கள் மட்டும் மரச்சட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் பொருத்திய இரண்டு வெப்பமானிகள் கொடுத்தீர்கள். ஒன்று வெறும் குமிழ், அது உலர்; இன்னொன்றுக்குத் துணித்திரி சுற்றியது, அது ஈரம். இருமல் ஆரம்பித்த மார்ச் 25 அன்று அதை எடுத்துத் தொட்டில் பக்கத்தில் மாட்டினேன். காலை, மதியம், இரவு என்று நாளுக்கு மூன்று தடவை படித்து, கோடு போட்ட நோட்டில் எழுதி வருகிறேன். நிலையத்தில் எழுதும் அதே வரிசை. இன்று இரவு உலர் 31.4, ஈரம் 31.4. நேற்று இரவு 31.0, 31.0. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் குறையக் குறையக் காற்றில் ஈரம் கூடுகிறது என்பது நீங்கள் எனக்கு நடத்திய முதல் பாடம். இங்கே வித்தியாசமே இல்லை.

என்னால் முடிந்ததையெல்லாம் செய்கிறேன். மாட்டிய அன்றே மகளின் கன்னத்தில் ஒரு கொசுக்கடி. தேங்கிய நீர் ஒரு சொட்டு இருக்கக் கூடாது என்று வாளி, பூச்சாடி, சின்னக் கிண்ணம் வரை எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டேன். அறைக்குள் ஈரத்துணி போடுவதில்லை. மகளின் துணிகளை வெளியே போடுகிறேன், அரை மணியில் மொறமொறவென்று காய்ந்துவிடுகின்றன. அந்த ஒன்றுதான் ஆறுதல்.

ஒரு நாற்காலி போட்டு ஏறிக் கூரைக்குக் கீழேயும் அளந்தேன். தரையில் 30.2, தொட்டில் மட்டத்தில் 31.4, கூரைக்குக் கீழே 34. பலூன் மேலே போகப் போகக் குளிரும். என் அறையில் தலைகீழ். காற்றுக்கு மூடி போட்டதுபோல் இருக்கிறது. கீழே நாங்கள் மூன்று பேர் விடும் மூச்செல்லாம் எங்கே போகும் என்று கணக்குப் போட ஆரம்பித்தேன். இவர் விழித்துக்கொண்டார்.

"என்ன பண்றே?"

"அளக்கிறேன்."

"நடுராத்திரில நாற்காலி மேல ஏறி நின்னு கூரைக்கு ஜுரம் பாக்குறியா?"

இவருக்கு அச்சகத்தில் மெஷின் ஓட்டும் வேலை, உங்களுக்குத் தெரியும். "மெஷினுக்குள்ள தாள் ரெண்டு ரெண்டா ஒட்டிக்கிட்டுப் போகுது. தொட்டா சுரீர்னு ஷாக் அடிக்குது. காத்து அப்படிக் காய்ஞ்சு கிடக்கு. நீ என்னடான்னா நூறுங்கறே" என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். "கருவி சொல்லுது" என்றேன். "கருவி சொல்லுதா, நீ சொல்றியா?" என்றார். அதற்குப் பிறகு இரண்டு நாள் இந்த வீட்டில் 'பால் வந்துச்சா' என்பதைத் தவிரப் பேச்சு இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். என் விடுப்பு இந்த மாதம் முப்பதாம் தேதி முடிகிறது. அதற்குள் சேரும் தேதியை எழுதிக் கொடுக்காவிட்டால் இப்போது என் இடத்தில் இருப்பவரையே நிரந்தரமாக்கிவிடுவோம் என்று தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. இருமும் குழந்தையை விட்டுவிட்டு நான் எங்கே வந்து வானத்தைப் பார்ப்பது? 'குழந்தையின் உடல்நிலை காரணமாக' என்று ராஜினாமா எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அதிகாரியிடம் நீங்களே கொடுத்துவிடுங்கள். தபாலில் அவருக்கே அனுப்பியிருக்கலாம். கை வரவில்லை.

மகள் புரண்டு படுக்கிறாள். நிறுத்துகிறேன்.


ஏப்ரல் 5

திரிக்குக் கீழே இருக்கும் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்று. திரியை நனைத்து அதன் வாலைத் தண்ணீருக்குள் விடு. கால் மணி நேரம் கழித்துப் படி.

கொசுவுக்குப் பயமாக இருந்தால் கிண்ணத்துக்கு மூடி போட்டு, திரி நுழைய ஒரு ஓட்டை வை.

டாக்டர் கொடுத்த சொட்டு மருந்தைத் திற.

ராஜினாமா என்னிடம் இருக்கிறது. கொடுக்கவில்லை. மற்றதைப் பிறகு எழுதுகிறேன். இது இப்போதே தபாலில் சேர வேண்டும், வாட்ச்மேன் சைக்கிளோடு நிற்கிறார்.

அக்கா


ஏப்ரல் 10, இரவு

அக்கா,

உங்கள் கடிதம் ஏழாம் தேதி மதியம் கிடைத்தது. வாசலில் நின்றபடியே படித்தேன். முதல் வரியிலேயே காது சூடாகிவிட்டது.

தண்ணீர் ஊற்றினேன். திரி உறிஞ்சி மேலே ஏறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கால் மணி நேரத்தில் உலர் 34, ஈரம் 20. ஈரப்பத அட்டவணையைப் பார்க்கவே பயமாக இருந்தது. இருபத்தாறு சதவீதம்.

இருபத்தாறு! பதின்மூன்று நாள் என் குழந்தையை ஒரு பாலைவனத்தில் படுக்கவைத்துவிட்டு, வெள்ளம் வெள்ளம் என்று கத்திக்கொண்டிருந்திருக்கிறேன். திரியில் தண்ணீர் இருந்தால்தானே அது ஆவியாகி வெப்பமானியைக் குளிர்விக்கும்? தண்ணீரே இல்லாவிட்டால் அதுவும் இன்னொரு உலர் வெப்பமானிதானே? இரண்டும் ஒன்றைக் காட்டாமல் வேறு என்ன செய்யும்? பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் நான் முதல் நாள் கேட்கும் கேள்வி இது. தெரியாமல் விழிப்பவர்களைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்திருக்கிறேன்.

அறையில் நான்கு ஈரத்துணி தொங்கவிட்டேன். மருந்தை வேளைக்கு இரண்டு சொட்டு விட்டேன். மூன்றாவது இரவு, அதாவது நேற்று, மகள் ஒரு தடவைகூட இருமவில்லை. ஐந்து மணி நேரம் தொடர்ந்து தூங்கினாள். நான்தான் மூச்சு வருகிறதா என்று எட்டு தடவை எழுந்து பார்த்தேன்.

இவரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னேன். பெரிதாகச் சிரிப்பார் என்று பார்த்தால், சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுத் தாளை எடுத்து மேஜையில் வைத்தார். வளைந்து போயிருந்தது. "இத ஒரு வாரமா பையில வெச்சிருக்கேன். காத்து காய்ஞ்சா தாள் இப்படித்தான் வளையும். காட்டினா நீ சண்டைக்கு வருவேன்னு காட்டல" என்றார். பிறகுதான் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு. மகளும் சேர்ந்து சிரித்தாள். அவளுக்கு என்ன தெரியும்? அப்பா சிரித்தால் சிரிப்பாள். கட்சி மாறிவிட்டாள்.

சந்தோஷமாகத்தான் இருக்கிறது, அக்கா. குழந்தை நன்றாக இருக்கிறாள். ஆனால் ராஜினாமாவைக் கொடுத்துவிடுங்கள். காரணத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். 'உடல்நிலை' என்பதை அடித்துவிட்டுக் 'கவனமின்மை' என்று எழுதிக்கொள்ளுங்கள். நாம் அனுப்பும் எண்ணை நம்பி விமானம் கிளம்புகிறது, படகு கரையில் நிற்கிறது. காய்ந்த திரியைப் பதின்மூன்று நாள் பார்த்தும் கண்டுபிடிக்காதவளை எதை நம்பி அந்த மேஜையில் உட்காரவைப்பீர்கள்? நீங்கள் அன்று சொன்னது சரிதான். இரண்டையும் ஒரே நேரத்தில் விட முடியாது.


ஏப்ரல் 13

பக்கத்து மேஜைக்காரிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஒரு தடவை படிக்க, ஒரு தடவை சரிபார்க்க. பழக்கம்.

முதலில் ராஜினாமா. நம் நிலையத்தில் ஓர் ஆள் எழுதிய எண்ணை இரண்டாவது ஆள் சரிபார்த்துக் கையெழுத்துப் போடாமல் வெளியே அனுப்புவதில்லை. இதிலும் உன் ஒரு கையெழுத்துதான் இருந்தது. அதனால் உட்கார்ந்து சரிபார்த்தேன். காரணம்: குழந்தையின் உடல்நிலை. உடல்நிலைக்குக் காரணம்: இருமல். அதை நீ பெரிய வியாதி என்று நினைத்ததற்குக் காரணம்: நூறு சதவீதம் என்ற அளவீடு. அளவீடு தவறு. ஆகவே கடிதமும் தவறு. கையெழுத்துப் போட மறுக்கிறேன்.

இரண்டாவது காரணம், கவனமின்மை. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு பதின்மூன்று நாள், நாளுக்கு மூன்று தடவை, மொத்தம் முப்பத்தொன்பது தடவை விடாமல் படித்து எழுதியிருக்கிறாய். இங்கே சம்பளம் வாங்குகிறவர்கள் இரண்டு நாளைக்கு ஒரு வேளை விடுகிறார்கள். கவனம் இல்லாதவளா கொசுவுக்குப் பயந்து அந்தப் பொட்டுக் கிண்ணத்தைக்கூடத் தேடிக் கவிழ்ப்பாள்? உனக்குக் கவனம் குறைவில்லை, கூடுதல். தூக்கம்தான் குறைவு. அதற்கு ராஜினாமா மருந்து இல்லை.

நான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்று நினைக்கிறாய்? எல்லாம் உன் கடிதத்திலேயே இருந்தது. துணி அரை மணியில் காய்கிறது என்று எழுதினாய். தாள் ஒட்டுகிறது என்று எழுதினாய். கிண்ணத்தைக் கவிழ்த்தேன் என்றே எழுதினாய். ஒன்றையும் விடாமல் எழுதியிருந்தாய். சேர்த்துப் பார்க்க இன்னொரு ஆள்தான் பக்கத்தில் இல்லை. இரண்டாம் கையெழுத்து எதற்கு என்று நினைத்தாய், அழகுக்கா?

இப்போது நான் சொல்லப்போவதை அதிகாரியிடம் உளறாதே. பழைய பதிவேடுகள் அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கின்றன. பத்தொன்பது வருஷத்துக்கு முந்தையதை எடுத்துப் பார்த்தால், ஒரு பக்கத்தில் குறிப்பு என்ற இடத்தில் 'அசாதாரண வெப்ப அடுக்கு' என்று இருக்கும். என் கையெழுத்து. அன்று பலூனை விட்டுவிட்டு உள்ளே ஓடி வந்து, கருவி அனுப்பும் எண்களை வாங்க உட்கார்ந்தேன். பலூன் கண்ணுக்கு எட்டாத உயரம் போய்விட்டது. கருவியோ இருபத்தொன்பது டிகிரி, இருபத்தொன்பது டிகிரி என்றே சொல்லிக்கொண்டிருக்கிறது. காற்றழுத்தமும் குறையவில்லை. முள் ஒட்டிக்கொண்டது என்று நினைத்தேன். வானத்தில் ஏதோ அதிசயம் நடக்கிறது என்று நினைத்தேன். இருபது நிமிஷம் எழுதித் தள்ளினேன். அப்புறம் வாட்ச்மேன் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஏம்மா, மேல போக வேண்டிய சாமான் இங்க மேஜை மேலேயே இருக்கே" என்றார்.

வெறும் நூலைக் கட்டிப் பலூனை அனுப்பியிருக்கிறேன். கருவி என் முழங்கைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு அறையின் சூட்டைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

அப்போது என் பெரியவனுக்குப் பத்து மாதம். நான் தூங்கி மூன்று நாள்.

அதற்கு மூன்று வருஷம் கழித்து, சின்னவன் வயிற்றில் இருந்தபோது, பலூனைப் பிடித்துக்கொண்டு காற்றோடு ஓடி அந்த மைதானத்தில் குப்புற விழுந்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த நாலு எட்டு ஓட்டம் இன்னும் கனவில் வருகிறது. நீ அன்று பலூனைக் கேட்டபோது மைதானத்தில் காற்று சுழன்றுகொண்டிருந்தது. எனக்குப் பயம் வந்தால் வாயில் கிண்டல்தான் வரும். அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். சிரித்ததற்கு வாட்ச்மேனையும் உன்னிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். "எதுக்குச் சிரிச்சேன்னே ஞாபகம் இல்லியே" என்கிறார்.

கீழே இருப்பது உனக்கு இல்லை. பெரிய மனுஷிக்குப் படித்துக் காட்டு.

'கண்ணு, இன்று காலை உன் அம்மாவின் பலூனை நான் விட்டேன். இந்தத் தடவை கருவியைக் கட்டிவிட்டுத்தான். கீழே இருபத்தெட்டு டிகிரி. நிமிஷத்துக்கு முந்நூறு மீட்டர் ஏறியது. ஐந்து கிலோமீட்டரில் தண்ணீர் உறையும் குளிரைத் தாண்டியது. பத்தில் மைனஸ் முப்பத்து மூன்று. மேகம், மழை, இடி, உன் மூக்கு காய்வது எல்லாமே இந்தக் கீழ்த்தட்டுக் காற்றில்தான். காற்றில் ஐந்தில் நாலு பங்கு நைட்ரஜன், அது யார் வம்புக்கும் போகாது. மீதியில் பெரும்பங்கு ஆக்சிஜன், அதைத்தான் நீ இழுக்கிறாய். தண்ணீராவி மட்டும்தான் நாளுக்கொரு குணம். இருந்தால் நூற்றில் மூன்று, நாலு. சில நாள் ஒன்றுகூட இல்லை. அத்தனை கூத்தும் அதனால்தான். பதினாறரை கிலோமீட்டரில் மைனஸ் எழுபத்தொன்பது. அங்கே குளிர்வது நின்றுவிட்டது. அதற்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு. ஓசோன் அங்கே உட்கார்ந்து வெயிலின் சுடுகதிரைக் குடித்துக்கொண்டிருக்கிறது, உன் தோலுக்காக. முப்பத்தொன்றில், உன் அறைக்குள் அடங்காத அளவு உப்பிப் பலூன் வெடித்தது. இன்னும் மேலே எரிகற்கள் எரிந்து விழும் அடுக்கெல்லாம் உண்டு. அங்கே நம் பலூன் போனதில்லை.'

கூரைக்குக் கீழே சூடு என்றாயே, அது வெயிலில் காய்ந்த கூரை. மேல் ஜன்னலைத் திறந்து வை, போய்விடும்.

ராஜினாமாவைத் திருப்பி அனுப்புகிறேன். பிழையைத் திருத்தும் முறை உனக்குத் தெரியும்.

அக்கா


ஏப்ரல் 16, இரவு

அக்கா,

இதுவும் இரவில்தான். பத்தரை. மன்னிப்பு கிடையாது. மகள் தூங்குகிறாள், நான் விழித்திருப்பது என் ஆசைக்கு.

உங்கள் பலூன் கதையை அவளுக்குப் படித்தேன். மைனஸ் எழுபத்தொன்பது வரை கண் கொட்டாமல் கேட்டாள். ஓசோன் வந்ததும் காகிதத்தைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டாள். ஓரத்தில் ஈரம். அதன் சதவீதத்தை நான் அளக்கவில்லை.

மேஜைமேல் இருந்த கருவியை நினைத்து நினைத்துச் சிரித்தேன். பிறகு உங்கள் பெரியவனுக்குப் பத்து மாதம் என்ற இடத்துக்குத் திரும்பி வந்து கொஞ்சம் அழுதேன். இவர் பார்த்துவிட்டு, "சிரிக்கிறியா அழறியா? ரெண்டும் ஒரே அளவு காட்டுதே, திரி காய்ஞ்சு போச்சா?" என்றார். இந்தத் திரியை வைத்து இந்த மனிதர் இன்னும் பத்து வருஷம் ஓட்டுவார்.

அன்று மைதானத்தில் காற்று சுழன்றது எனக்குத் தெரியாது, அக்கா. நான் வானத்தைப் பார்க்கவில்லை. உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வார்த்தையை இனி யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

நோட்டை எடுத்து முப்பத்தொன்பது வரிகளையும் திருத்தினேன். அழிக்கவில்லை. ஈரம் என்ற எண்ணின்மேல் ஒரே ஒரு கோடு, தவறான எண்ணும் கீழே தெரியும்படி. மேலே 'திரி காய்ந்தது'. பக்கத்தில் என் சுருக்கொப்பம். முப்பத்தொன்பது தடவை எழுதியதில் வெட்கம் போய்விட்டது. கடைசிப் பத்தை எழுதும்போது பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். இன்றைய அளவு உலர் 30, ஈரம் 23. மேல் ஜன்னல் திறந்திருக்கிறது. தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே இருக்கிறார்கள், கிளம்ப மாட்டேன் என்கிறது. மகள் அசையவில்லை.

காலைப் பலூனுக்கு நான் முதல் பஸ்ஸில் வந்தால் ஒரு மணிக்குள் வீடு திரும்பிவிடலாம். அதுவரை இவளை யார் பார்ப்பது என்பதைத்தான் உங்களிடம் சொல்லாமலே இத்தனை நாள் மனதுக்குள் உருட்டிக்கொண்டிருந்தேன். நேற்று இவரிடம் மெதுவாக ஆரம்பித்தேன். "மதிய ஷிப்ட் கேட்டு மேனேஜர்கிட்ட பேசி ஒரு மாசம் ஆச்சு" என்றார். "ஏன் சொல்லல?" என்றேன். "நீதான் வேலைக்கே போகலன்னு உக்காந்திருந்தியே. சொன்னா, உன்னைத் துரத்துறேன்னு ஆகியிருக்கும்" என்றார். வளைந்த தாளைச் சட்டைப்பையில் வைத்திருந்த மனிதர்தானே? இன்னும் எதையெதை வைத்திருக்கிறாரோ.

பயம் போய்விட்டதா என்றால், இல்லை. சரிபார்க்க ஓர் ஆள் இருந்தால் பயந்துகொண்டே வருவேன்.

ராஜினாமாவைத் திருத்தி இத்துடன் அனுப்புகிறேன். 'பணியிலிருந்து விலகுகிறேன்' என்ற வரியின்மேல் ஒரே கோடு போட்டிருக்கிறேன். அதற்கு மேலே, 'மே இரண்டாம் தேதி காலைப் பணியில் சேர்கிறேன்'. பக்கத்தில் என் சுருக்கொப்பம். முப்பதாம் தேதிக்குள் இது அதிகாரி கைக்குப் போக வேண்டும். இப்படி அடித்துத் திருத்திய காகிதத்தை வாங்க மாட்டேன் என்று அவர் சொன்னால், நம் நிலையத்தில் பிழையைத் திருத்தும் முறையே இதுதானே என்று கேளுங்கள்.

அன்று பலூனை நான்தான் விடுவேன். கருவி கட்டியிருக்கிறதா என்று இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம்.

கீழே இரண்டாம் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். போட்டு அதிகாரியிடம் கொடுத்துவிட்டு, எனக்கு ஒரு வரி சீக்கிரம் எழுதுங்கள்.